பரணில் வைத்த கணினி ஏன் கெடுகிறது?

மின்விசிறி மெதுவாகச் சுற்றத் தொடங்கினால் நம் வீடுகளில் யாரும் பதறுவதில்லை. "கண்டென்சர் போயிருக்கும், மாத்தினா சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு, 2.5 என்று எண் போட்ட ஒரு சின்னப் பெட்டியைக் கடையில் வாங்கி வருகிறோம். அதை மாட்டியதும் விசிறி பழைய வேகத்தைப் பிடித்துவிடுகிறது. இரவும் பகலும் ஓடிய பொருள், அதனால் கெட்டது என்று மனம் சமாதானம் கொள்கிறது.

ஆனால் ஓடாத பொருள் கெட்டால்? இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நன்றாக வேலை செய்துகொண்டிருந்த ஒரு கணினியைத் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றுகிறோம். மழை படவில்லை, எலி கடிக்கவில்லை, யாரும் கீழே போடவில்லை. இன்று இறக்கி, தூசி தட்டி, சுவிட்சைப் போட்டால் திரையில் வெறும் கோடுகள். சில சமயம் அதுவும் இல்லை. யாரும் தொடாத ஒரு இயந்திரம் தானாக எப்படிக் கெடும்?

பழைய கணினிகளைப் பாதுகாப்பவர்கள் இந்தக் கேள்விக்கான விடையைப் பெரும்பாலும் ஒரே இடத்தில் கண்டுபிடிக்கிறார்கள். மதர்போர்டின் மேல் நிற்கும், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய வெள்ளி நிறக் குப்பிகளில்தான் அது இருக்கிறது.

பலகையில் ஈரமான உறுப்பு

மதர்போர்டில் இருப்பவை எல்லாம் உலர்ந்த பொருள்கள். சில்லுக்குள் சிலிக்கான், தடங்களில் செம்பு, அடியில் கண்ணாடி இழைப் பலகை. இவை அரை நூற்றாண்டு சும்மா கிடந்தாலும் பெரிதாக மாறுவதில்லை. கடிகார பேட்டரியை விட்டால், வெள்ளிக் குப்பிகள் மட்டும் விதிவிலக்கு. அவற்றுக்குள் திரவம் இருக்கிறது.

விசிறிக் கடைக்காரர் கண்டென்சர் என்று சொல்வதைத் தமிழ்ப் பாடநூல்கள் மின்தேக்கி என்கின்றன. பெயரிலேயே வேலை அடங்கியிருக்கிறது: மின்சாரத்தைத் தேக்கி வைப்பது. தெருக்குழாயில் தண்ணீர் வருகிறது என்றாலும் அடுப்படியில் ஒரு குடம் நிறைத்து வைத்திருப்போம் அல்லவா? அவசரத்துக்கு ஒரு செம்பு மொள்ளத் தெருவுக்கு ஓட முடியாது. கணினிச் சில்லும் அப்படித்தான். ஒரு நொடியின் மிகச் சிறிய துணுக்கில் திடீரென்று நிறைய மின்சாரம் கேட்கும். மின்வழங்கி பலகையின் மறுகோடியில் இருக்கிறது. பக்கத்திலேயே நிற்கும் மின்தேக்கி அந்த ஒரு செம்பைக் கொடுத்துவிட்டு, அடுத்த கணம் மீண்டும் நிரம்பிக்கொள்கிறது.

அதற்கு இன்னொரு குணமும் உண்டு. சீராக ஒரே திசையில் ஓடும் மின்சாரத்தைத் தடுத்துவிடும். அலையாக ஏறி இறங்கும் மின்சாரத்தை விட்டுவிடும். ஒலிபெருக்கிக்குப் போகும் வழியில் மின்தேக்கியை வைப்பது இதற்காகத்தான். இசை மட்டும் கடந்து போகும், பின்னணியில் இருக்கும் நிலையான மின்னழுத்தம் நின்றுவிடும்.

எந்த மின்தேக்கியிலும் மின்சாரத்தைக் கடத்தும் இரண்டு தகடுகளும் நடுவே மின்சாரத்தைக் கடத்தாத ஒரு படலமும் இருக்கும். படலம் மெலிய மெலியத் தேங்கும் அளவு கூடும். வெள்ளிக் குப்பியின் சாமர்த்தியம் இங்கேதான் இருக்கிறது. அதனுள் ஒரு அலுமினியத் தாளின் மேல் அலுமினிய ஆக்சைடைப் படலமாக வளர்க்கிறார்கள். ஒவ்வொரு வோல்ட்டுக்கும் அதன் தடிமன் ஏறக்குறைய 1.4 நானோமீட்டர். 16 வோல்ட் தாங்கும் குப்பியில் படலம் சுமார் 30 நானோமீட்டர் இருக்கும் என்று கொண்டால், தலைமுடியின் தடிமனில் அது இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. இவ்வளவு மெல்லிய படலத்தின் மேல் இன்னொரு தகட்டை இடைவெளி இல்லாமல் அழுத்தி ஒட்டவைக்க எந்த இயந்திரத்தாலும் முடியாது. அதனால் திரவத்தையே இரண்டாவது தகடாக்கினார்கள். மின்சாரத்தைக் கடத்தும் அந்தத் திரவத்துக்கு மின்பகுளி என்று பெயர். அதில் நனைத்த காகிதத்தை இரண்டு அலுமினியத் தாள்களுக்கு இடையே வைத்து, பாய் போலச் சுருட்டி, அலுமினியக் குப்பிக்குள் செருகி, அடிவாயை ஒரு ரப்பர் மூடியால் அடைத்துவிடுகிறார்கள்.

கணினியின் ஆயுள் இப்போது அந்த ரப்பர் மூடியின் கையில்.

(நம் மின்விசிறியில் இருப்பது இந்த வகை இல்லை. அது பிளாஸ்டிக் படலத்தால் ஆனது. உள்ளே மின்பகுளி கிடையாது. அது கெடும் விதமும் வேறு.)

2000 மணி நேரம் என்றால் என்ன?

குப்பியின் பக்கவாட்டில் 105 டிகிரி அல்லது 85 டிகிரி என்று அச்சிட்டிருக்கும். தயாரிப்பாளரின் விவரத்தாளில் 2000 மணி நேரம் என்று ஆயுள் போட்டிருக்கும். எண்பத்து மூன்று நாள்தானா என்று முதலில் திடுக்கிடும். அந்த எண், குப்பி முழு வெப்பத்தில் இடைவிடாமல் வேலை செய்தால் உள்ள கணக்கு. வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது மின்னணுத் துறையில் எல்லோரும் பின்பற்றும் கைக்கணக்கு.

கணினிப் பெட்டிக்குள் 45 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 85 டிகிரிக் குப்பிக்கு நான்கு படி இறக்கம்: 2000 நான்கு முறை இரட்டித்து 32,000 மணி நேரமாகிறது, மூன்றரை ஆண்டுக்குச் சற்று மேல். 105 டிகிரிக் குப்பிக்கு ஆறு படி: 1,28,000 மணி நேரம், பதினான்கு ஆண்டுக்கும் மேல். சில ரூபாய் வித்தியாசத்தில் நான்கு மடங்கு ஆயுள். மாற்றும்போது 105 டிகிரிக்குக் குறைந்ததை வாங்கவே கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இது மின்பகுளி உலர்வதைப் பற்றிய கணக்கு மட்டுமே. பரணில் கிடந்த கணினியைக் கொல்வது பெரும்பாலும் கசிவு. அதற்கு மணிக்கணக்கு கிடையாது.

பத்துக் குப்பிகள்

ஆப்பிள் நிறுவனம் 1989 ஜனவரியில் மெக்கின்டோஷ் எஸ்.இ./30 என்ற கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 9 அங்குலக் கறுப்பு வெள்ளைத் திரை, 68030 செயலி, மேலே கைப்பிடிக் குழி. தூக்கிக்கொண்டு நடக்கலாம். 1991 அக்டோபர் வரை விற்றார்கள். அந்தச் சிறிய மெக்கின்டோஷ் குடும்பத்தில் இதை மிஞ்சிய இயந்திரம் இல்லை என்று கருதுவோர் இன்றும் பலர். நானும் அந்தக் கட்சி.

அதன் மதர்போர்டில் 47 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் குப்பிகள் பத்து. ஃபாரட் என்பது தேக்கும் திறனின் அளவு, மைக்கேல் ஃபாரடேயின் பெயரால் வந்தது. மைக்ரோ என்றால் அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இந்தக் குப்பிகளுக்குப் பலகையைத் துளைத்துப் போகும் கால்கள் இல்லை. பலகையின் மேற்பரப்பிலேயே, செப்புத் தளங்களின் மீது உட்கார்ந்திருக்கும். அந்தக் காலத்தில் இது புதிய முறை. ஈயம் உருக்கும்போது குப்பியின் அடிவாய் பழைய முறையைவிட அதிக வெப்பத்தைத் தாங்க வேண்டியிருந்தது. அதே ஆண்டுகளில் மின்பகுளியின் சேர்மானமும் மாறியது. நான்கிணைய அம்மோனியம் உப்புகள் கலந்த புதிய திரவம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தியது. ஆனால் எதிர்முனைக் கம்பியின் அருகே காரத்தை உண்டாக்கி, ரப்பர் அடைப்பை மெல்ல அரித்தது.

அரித்த வழியே திரவம் வெளியே வருகிறது. சொட்டாகத் தெரியாது. குப்பியின் அடியில் ஈரப்பிசுக்காகப் பரவி, பக்கத்துச் சில்லின் கால்களுக்கு இடையே ஊர்ந்துவிடும். பளபளத்த ஈயம் சாம்பல் பூத்தாற்போல மங்கும். செப்புத் தடத்தில் பச்சைக் களிம்பு ஏறும். பழைய செம்புக் குடத்தில் பார்த்திருப்பீர்களே, அதே களிம்புதான். குடத்தின் சுவர் தடித்தது. புளி போட்டுத் தேய்த்தால் மீண்டுவிடும். பலகையில் உள்ள தடம் தாளைவிட மெல்லியது. களிம்பு தின்று முடித்தால் தடமே இருக்காது.

எஸ்.இ./30 இந்த நோயை இரண்டு விதமாக அறிவிக்கும். முதலில், கணினி விழிக்கும்போது வரும் மணியோசை மெலிந்துகொண்டே போய் ஒருநாள் நின்றுவிடும்; ஒலிச் சில்லுகளின் அருகே இருக்கும் குப்பிகள் கசிந்திருக்கும். அடுத்து, திரை முழுக்கக் குறுக்குக் கோடுகள். கோடு கோடாக இருப்பதை ஜப்பானிய மொழியில் சிமா சிமா என்பார்கள். அந்நாட்டு ஆர்வலர்கள் வைத்த சிமாசிமாக் என்ற பெயரே இந்த நோய்க்கு உலகெங்கும் நிலைத்துவிட்டது.

சால்டரிங் அயர்னை வைத்ததும் ஒரு நாற்றம் எழும். கருவாட்டு நாற்றம். உவமைக்காகச் சொல்லவில்லை. அந்த உப்புகள் சூட்டில் சிதைந்து அமீன் என்ற வகைச் சேர்மங்களைத் தருகின்றன. மீனின் வாடைக்குக் காரணமும் அதே வகைச் சேர்மம்தான். பார்வைக்குச் சுத்தமாகத் தெரியும் குப்பியும் கசிந்திருக்கிறது என்பதை மூக்கு சொல்லிவிடும். ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள்.

அளந்து பார்த்தால் போதாதா?

மல்டிமீட்டரை வைத்து நல்லது எது கெட்டது எது என்று பிரித்துவிடலாமே என்று தோன்றும். பலகையில் இருக்கும்போதே அளந்தால் ஏமாறுவோம். ஒரே மின்வழியில் பல மின்தேக்கிகள் அருகருகே இணைந்திருப்பதால், கருவி காட்டுவது எல்லாவற்றின் கூட்டுத் தொகையை. அதில் ஒன்று செத்திருந்தாலும் மற்றவை அதன் கணக்கை மறைத்துவிடும்.

கழற்றி அளந்தாலும் தேக்கும் திறன் மட்டும் போதாது. குடத்தில் தண்ணீர் இருந்தாலும் வாய் குறுகிவிட்டால் அவசரத்துக்கு மொள்ள முடியாது. மின்பகுளி வற்றும்போது மின்தேக்கியின் வாய் குறுகுகிறது. இதை உள்தடை என்று சொல்லலாம். இதை அளக்கத் தனிக் கருவி உண்டு. பழுது பார்ப்பவர்கள் இ.எஸ்.ஆர். மீட்டர் என்பார்கள். இருந்தாலும் முப்பது வயது கடந்த இந்தப் பத்துக் குப்பிகளைப் பொறுத்தவரை என் தீர்ப்பு எளிது: அளக்காதீர்கள், பத்தையும் மாற்றுங்கள். இன்று கசியாதது நாளை கசியும்.

அதற்காகப் பலகையில் உள்ள எல்லா மின்தேக்கிகளையும் பிடுங்கி எறிய வேண்டாம். பட்டாணி போலவோ அரிசி போலவோ இருக்கும் பீங்கான் மின்தேக்கிகளில் திரவம் இல்லை. அவற்றில் பலவற்றின் மேல் 104 போல மூன்று இலக்கம் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் எண். மூன்றாவது, பின்னால் போட வேண்டிய சுழிகளின் எண்ணிக்கை. 10-க்குப் பின் நான்கு சுழி, அதாவது ஒரு லட்சம் பிக்கோஃபாரட், அல்லது 0.1 மைக்ரோஃபாரட். அவற்றைத் தொடாமல் விடுவதே நல்லது.

கோடு எந்தப் பக்கம்?

பழுதுபார்ப்பில் மிக அதிகம் பேர் தவறுவது இங்கே. அலுமினியக் குப்பிக்கும், டான்டலம் என்ற உலோகத்தில் செய்த இன்னொரு வகை மின்தேக்கிக்கும் நேர்முனை, எதிர்முனை என்று திசை உண்டு. மாற்றி வைத்தால் ஆக்சைடு படலம் சிதையும். குப்பி சூடாகி வீங்கும், டான்டலம் வெடித்துத் தீப்பிடிக்கும். திசையைக் காட்ட இரண்டிலும் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். ஆனால் அலுமினியக் குப்பியில் கோடு எதிர்முனை. பெட்டி வடிவ டான்டலத்தில் கோடு நேர்முனை. பழையதைக் கழற்றிவிட்டுப் புதிய வகையை வைப்பவர், கோட்டைக் கோட்டுக்கு நேராக வைத்தால் கெட்டார்.

பலகையில் அச்சிட்ட கூட்டல் குறியையாவது நம்பலாமா? எப்போதும் இல்லை. 1993-இல் வந்த மெக்கின்டோஷ் எல்.சி. 3 பலகையில் சி22 என்று எண்ணிட்ட மின்தேக்கியின் கூட்டல் குறி தவறான பக்கத்தில் அச்சாகியிருக்கிறது. அது கழித்தல் 5 வோல்ட் வழியில் இருக்கிறது. அந்த வழியில் நேர்முனை தரையோடு, அதாவது பூஜ்ய வோல்ட்டோடு, சேர வேண்டும். தரை கழித்தல் ஐந்தைவிட உயரம் அல்லவா? அச்சில் அது தலைகீழாகிவிட்டது. ஆலையிலும் அச்சைப் பார்த்தே பொருத்தினார்கள். 16 வோல்ட் தாங்கும் குப்பி, 5 வோல்ட் தலைகீழ் அழுத்தத்தைப் பல ஆண்டுகள் எப்படியோ பொறுத்துக்கொண்டது. இன்று அங்கே டான்டலத்தை அச்சுப்படி வைத்தால் அது பொறுக்காது.

ஆகவே கழற்றும் முன் படம் எடுங்கள். அதோடு நிற்காமல் மல்டிமீட்டரால் ஒவ்வொரு தளமும் தரையோடு சேர்கிறதா, மின்வழியோடு சேர்கிறதா என்று தொட்டுப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அச்சும் குறிப்பும் மோதினால் குறிப்பை நம்புங்கள்.

கழற்றுதல்

எஸ்.இ./30-இன் பெட்டிக்குள் படக்குழாய் இருக்கிறது. அணைத்த பின்னும் அதில் பல ஆயிரம் வோல்ட் தேங்கி நிற்கக்கூடும். மின்வழங்கியிலும் ஆபத்தான அழுத்தம் உண்டு. இந்தப் பழக்கம் இல்லாதவர்கள் பெட்டியைத் திறந்து மதர்போர்டை எடுக்கும் வேலையை மட்டுமாவது தெரிந்தவரிடம் கொடுங்கள். மதர்போர்டு தனியே கையில் வந்தபின் பயமில்லை.

முதலில் பலகையைக் கழுவ வேண்டும். கசிந்தது காரம், நீர் கலந்து மென்மையாக்கிய வினிகரைப் பஞ்சில் தொட்டுப் பாதித்த இடத்தைத் துடைக்கலாம். பிறகு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர், அதன்பின் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பழைய பல்துலக்கும் பிரஷ். நன்றாக உலரட்டும்.

சிலர் குப்பியை இடுக்கியால் பிடித்து முறுக்கிக் கழற்றுவார்கள். வேகமான முறைதான், பல பலகைகளில் பிரச்சினை இல்லாமல் வந்தும் விடும். கசிந்த பலகையில் எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. செப்புத் தளத்தைப் பலகையோடு பிடித்திருக்கும் பசையையும் காரம் தளர்த்தியிருக்கும். குப்பியோடு தளமும் பிய்ந்து வந்தால், அதைச் சரிசெய்வது குப்பி மாற்றுவதைவிடப் பத்து மடங்கு வேலை. இரண்டு சால்டரிங் அயர்ன்கள் வைத்து இரு காலையும் ஒரே சமயத்தில் சூடாக்குவது நிதானமான வழி. மங்கிய பழைய ஈயம் எளிதில் உருகாது. கொஞ்சம் சால்டரிங் பேஸ்ட் தடவி, மேலே புதிய ஈயம் சேருங்கள். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த கம்பி 183 டிகிரியில் உருகிவிடும். காரீயம் இல்லாத வழக்கமான கலவைகளுக்கு 217 டிகிரியாவது வேண்டும். பழைய பலகைக்கு அந்த முப்பத்து நான்கு டிகிரி பெரிய கருணை. கம்பியில் காரீயம் இருப்பதால், வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். ஈயம் உருகியதும் குப்பி மிதப்பது விரலுக்குத் தெரியும். அப்போது தூக்குங்கள்; இழுக்காதீர்கள்.

கழற்றிய பிறகு இன்னொரு முறை கழுவுங்கள். குப்பி உட்கார்ந்திருந்த இடத்தில்தான் பிசுக்கு அதிகம் ஒளிந்திருக்கும்.

புதியதைத் தேர்ந்தெடுத்தல்

மைக்ரோஃபாரட் அளவு அதேதான் வேண்டும்: 47-க்கு 47. வோல்ட் குறையக் கூடாது, கூடலாம். 16 வோல்ட் குப்பிக்குப் பதில் 25 வோல்ட் குப்பி வைத்தால் ஒன்றும் கெடாது. குடத்தின் சுவர் தடித்திருக்கிறது என்பதற்காகக் குழாய் அதிகம் ஊற்றுவதில்லை. உருவம் மட்டும் தளத்துக்குப் பொருந்த வேண்டும்.

மீண்டும் அலுமினியக் குப்பியா, வேறு வகையா என்பதில் ஆர்வலர்களிடையே சண்டையே நடக்கும். திடப் பொருளால் ஆன டான்டலம் ஒருபோதும் கசியாது. அதனால் பலர் அதை விரும்புகிறார்கள். ஆனால் அதைக் குறித்த வோல்ட்டில் பாதிக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. 5 வோல்ட் வழியில் 16 வோல்ட் டான்டலம் தாராளம். 12 வோல்ட் வழியில் 25 வோல்ட்டுக்குக் குறைந்தது வேண்டாம்.

இதற்குச் சாட்சி ஐ.பி.எம். தயாரித்த முதல் பி.சி., 1981-இல் வந்தது. அதன் 12 வோல்ட் வழியில் 16 வோல்ட் டான்டலங்களை வைத்தார்கள். இடைவெளி வெறும் 4 வோல்ட். பல்லாண்டு சும்மா இருந்துவிட்டு மின்சாரம் பாயும் முதல் நொடியில் அவற்றில் சில உள்ளேயே இணைந்து மின்வழியைத் தரையோடு சேர்த்துவிடுகின்றன. மின்வழங்கி ஆபத்தை உணர்ந்து இயங்க மறுக்கும், அல்லது பட்டாசு போல ஒரு வெடிச் சத்தம் கேட்கும். அந்த டான்டலத்தின் உள்ளே இருக்கும் மாங்கனீசு டைஆக்சைடு தீக்கு ஆக்சிஜனையும் தானே ஊட்டிவிடுகிறது.

1999 முதல் சில ஆண்டுகள் உலகைப் பிடித்த வீங்கிய குப்பிகளின் நோய் இன்னொரு வகை. அந்தக் காலத்து மின்பகுளிகளில் நீர் அதிகம். நீர் அலுமினியத்தைத் தின்னாமல் காக்கும் சேர்மானம் சரியில்லாத குப்பிகளில் ஹைட்ரஜன் வாயு உண்டாகி, தட்டையான தலை பூரி போல உப்பியது. திருடிய செய்முறை அரைகுறையாக இருந்ததே காரணம் என்று அப்போது செய்திகள் வந்தன. அது நிரூபணம் ஆகவில்லை. டெல் நிறுவனம் மட்டும் 2005-இல் இதற்காகச் சுமார் 30 கோடி டாலர் ஒதுக்கியது. இந்த நோயில் ஒரு சௌகரியம் உண்டு: தலையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். எஸ்.இ./30-இன் குப்பிகள் கடைசிவரை தலை நிமிர்ந்தே நிற்கும். கேடு எல்லாம் அடியில்.

உங்கள் பரணிலோ உறவினர் வீட்டிலோ அந்தக் காலத்து மெக்கின்டோஷ் ஒன்று இருந்தால், ஆசைக்கு ஒரு முறை சுவிட்சைப் போட்டுப் பார்க்காதீர்கள். முதலில் பலகையை வெளியே எடுக்கச் செய்யுங்கள். அதில் கடிகாரத்துக்காகப் பொருத்திய 3.6 வோல்ட் லித்தியம் பேட்டரி இருந்தால் அன்றே அகற்றிவிடுங்கள். அது வெடித்துக் கசிந்தால் மொத்தப் பலகையையும் தின்றுவிடும். பிறகு வெள்ளிக் குப்பிகளின் அடியில் விளக்கை அடித்துப் பாருங்கள். ஈயம் இன்னும் பளபளப்பாக இருந்தால் நீங்கள் சரியான நேரத்தில் வந்திருக்கிறீர்கள். குப்பிகளை இந்த மாதமே மாற்றிவிடுங்கள்.